காட்டுப்பன்றி ஏன் நிலத்தைத் தோண்டுகிறது?

மாலையில் நீர் பாய்ச்சி விட்டு வந்த நிலக்கடலைக் கொல்லை, மறுநாள் காலையில் ஏர் ஓட்டியது போலப் புரண்டு கிடக்கும் காட்சி மலையடிவார விவசாயிகளுக்குப் புதியதன்று. தாளவாடி, சத்தியமங்கலம், தொண்டாமுத்தூர், தேனி, தென்காசி, கல்வராயன் மலை அடிவாரம் எனப் பல பகுதிகளில் காட்டுப்பன்றித் தொல்லை ஆண்டு முழுவதும் இருந்து வருகிறது. பெரிய மலைகள் இல்லாத இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலும், சீமைக்கருவேல் மண்டிய கண்மாய்களிலிருந்து பன்றிகள் இரவில் புறப்பட்டு வந்து வயல்களை அழிக்கின்றன.

பூச்சி தாக்கினால் மருந்து தெளிக்கலாம். நோய் கண்டால் சிகிச்சை செய்யலாம். பன்றி புகுந்த வயலில் அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை. விதை, எரு, ஆள்கூலி, மூன்று மாத உழைப்பு ஆகிய அனைத்தும் ஒரே இரவில் போய்விடுகின்றன. ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவருக்கு அரை ஏக்கர் சேதம் ஒரு நஷ்டக்கணக்கு. ஒரே ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது அடுத்த பருவத்திற்கு வாங்கப்போகும் கடன்.

இதனால் "பன்றியைச் சுட அனுமதி வேண்டும்" என்ற குரல் ஒரு பக்கமும், "காட்டு விலங்கைத் தொடக்கூடாது" என்ற குரல் மறுபக்கமும் எழுகின்றன. இவ்விரு தரப்பினரும் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறுகின்றனர். பன்றி ஏன் நிலத்தைத் தோண்டுகிறது? இதற்கு விடை கண்டால், எதைச் செய்தால் பயன் உண்டு, எதைச் செய்தால் பயன் இல்லை, அதைச் செய்ய வேண்டியவர் யார் என்ற மூன்றும் தெளிவாகும்.

தோண்டுவதற்கென்றே அமைந்த உடல்

காட்டுப்பன்றிக்குக் கண்பார்வை குறைவு. ஆனால் மோப்ப சக்தியும் செவிப்புலனும் மிகக் கூர்மையானவை. மண்ணுக்கடியில் உள்ள கிழங்கையும், விதையையும், புழுவையும் அது மணத்தாலேயே கண்டுகொள்ளும். அதன் மூக்கு நுனி வட்டத் தகடு போன்ற கெட்டியான குருத்தெலும்பால் ஆனது. அதைத் தாங்க உள்ளே ஒரு சிறிய எலும்பும், பின்னால் வலிமை மிக்க கழுத்துத் தசைகளும் உள்ளன. இம்மூக்கு மோப்பக் கருவியாகவும் மண்வெட்டியாகவும் பயன்படுகிறது.

ஆடு மாடுகளைப் போல அசைபோட்டுச் செரிக்கும் வயிறு பன்றிக்கு இல்லை. வெறும் புல்லையும் தழையையும் தின்று அது உடலை வளர்க்க முடியாது. மாவுச்சத்துக்குக் கிழங்கும் தானியமும், புரதச்சத்துக்கு மண்புழு, வண்டுப்புழு, நத்தை போன்ற உயிரினங்களும் அதற்குத் தேவை. இவற்றில் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் இருக்கிறது. எனவே தோண்டுவது பன்றியின் பிழைப்பு. அதைக் குறும்பு என்றோ பகை என்றோ எண்ணிப் பயனில்லை.

தோண்டுவதற்கான காரணங்கள்

முதலாவது, கிழங்கும் விதையும். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை, நிலக்கடலை ஆகியவை பன்றிக்கு மிகவும் விருப்பமானவை. புதிதாக விதைத்த நிலக்கடலை, மக்காச்சோள வயல்களில் சால் பிடித்தாற்போல் வரிசையாகத் தோண்டி விதைகளைப் பொறுக்கித் தின்னும். வயலில் மண்டும் கோரைக்கிழங்கையும் அது விடுவதில்லை.

இரண்டாவது, மண்ணில் உள்ள புழுக்கள். நிலக்கடலையின் வேரைத் தின்னும் வெள்ளை வேர்ப்புழுவும், எருக்குழியில் வளரும் காண்டாமிருக வண்டின் புழுவும் பன்றிக்கு நல்ல தீனி. ஈரமான, எரு நிறைந்த மண்ணில் மண்புழுவும் ஏராளம். வாழைத் தோட்டத்தில் பாத்தியையும், நெல் வயலில் வரப்பையும் பன்றி கிளறிப் போடுவது பெரும்பாலும் இவற்றுக்காகவே. குட்டிக்குப் பாலூட்டும் தாய்ப்பன்றிக்குப் புரதத் தேவை மிகுதியாக இருக்கும்.

மூன்றாவது, வெப்பம். பன்றிக்கு வியர்வை மூலம் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள இயலாது. ஆகவே ஈரமான இடத்தைக் குழித்துச் சேற்றில் புரள்கிறது. உண்ணி முதலியவற்றின் தொல்லையிலிருந்தும் சேற்றுப் பூச்சு காக்கிறது. கோடையில் வாய்க்கால் ஓரமும், சொட்டுநீர் விழும் இடமும் சேறாகிக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

இவை தவிர, குட்டி போடும் காலத்தில் தாய்ப்பன்றி புதரடியில் மண்ணைப் பறித்துத் தழை சேர்த்துப் படுக்கை அமைத்துக்கொள்ளும். இது வயலில் அரிது. புதர்க்காடுகளிலும் தரிசுகளிலும்தான் மிகுதி.

குழியைப் பார்த்துக் காரணம் அறியலாம்

சேதம் ஏற்பட்டவுடன் வயலைச் சரிசெய்ய முனைவது இயல்பு. அதற்கு முன் சிறிது நேரம் குழிகளைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. கடலைத் தோலும் கடித்த கிழங்கும் சிதறிக் கிடந்தால், பன்றி பயிரையே தேடி வந்திருக்கிறது. அங்கு விதைத்த முதல் இரண்டு வாரங்களும், காய் முற்றும் கடைசி மூன்று நான்கு வாரங்களும் காவல் அவசியம். மக்காச்சோளத்தில் விதைத்த சமயமும் பால் பிடிக்கும் தருணமும் ஆபத்தானவை. மரவள்ளியில் கிழங்கு பருக்கத் தொடங்கியது முதல் அறுவடை வரை கவனம் தேவை.

செடி சாய்ந்து கிடந்தும் காயும் கிழங்கும் தின்னப்படாமல் இருந்தால், பன்றி புழுவைத் தேடியிருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய வயலில் ஒரு பிடி மண்ணைக் கிளறி வேர்ப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்கு மக்காத தொழுவுரம் இடுவதைத் தவிர்ப்பதும், கோடை உழவு செய்து புழுக்களைப் பறவைகளுக்கு இரையாக்குவதும், முதல் மழைக்குப் பின் மாலை வேளைகளில் வேப்ப மரங்களில் கூடும் வண்டுகளைச் சேகரித்து அழிப்பதும், எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் இடுவதும் பயிருக்கு நன்மை தரும். பன்றிக்கான ஒரு கவர்ச்சியும் குறையும்.

நல்ல நிலமே முதலில் பாதிக்கப்படுகிறது

கோடையில் காட்டு மண் இறுகிப் பாறை போல் ஆகிவிடுகிறது. அதைத் தோண்டப் பன்றி மிகவும் பாடுபட வேண்டும். கிடைக்கும் இரையும் சொற்பம். எல்லைக்கு வெளியே உள்ள வயலிலோ மண் உழுது இளக்கப்பட்டிருக்கிறது. நீர் பாய்ச்சி ஈரமாக இருக்கிறது. எரு இட்டு மண்புழு பெருக்கப்பட்டிருக்கிறது. மாவுச்சத்து நிறைந்த பயிரும் நடப்பட்டிருக்கிறது. குறைந்த உழைப்பில் நிறைந்த உணவு கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு எந்த விலங்கும் வேறிடம் போகாது.

அதாவது, விவசாயி தன் நிலத்தை எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறாரோ அவ்வளவுக்கு அது பன்றியை ஈர்க்கிறது. இது விவசாயியின் தவறு அன்று. "காட்டோரத்தில் ஏன் கடலை போடுகிறீர்கள்?" என்று அவரைக் கேட்பது நியாயமும் அன்று. ஆனால் தனி ஒருவர் தன் வயலில் மட்டும் எதையேனும் செய்து இதற்கு முழுத் தீர்வு காண முடியாது என்பதை இதிலிருந்து உணரலாம். ஒரு வயலிலிருந்து விரட்டப்பட்ட பன்றி பக்கத்து வயலுக்குப் போகுமே தவிரக் காட்டுக்குத் திரும்பிவிடாது.

தரிசு பெருகினால் பன்றியும் பெருகும்

தொடர்ந்து இரண்டு மூன்று பருவங்கள் இழந்த சிறு விவசாயி கடலையையும் மரவள்ளியையும் கைவிடுகிறார். பிறகு நிலத்தையே தரிசாகப் போட்டுவிட்டு வேலை தேடி நகரத்துக்குப் போகிறார். அந்தத் தரிசில் சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் மண்டுகின்றன. பகலில் பன்றி படுத்திருக்க அது நல்ல மறைவிடம் ஆகிறது. முன்பு காட்டிலிருந்து இரண்டு கல் தொலைவு நடந்து வந்த கூட்டம், இப்போது பக்கத்து வயலிலிருந்தே புறப்படுகிறது. அடுத்த விவசாயியும் கைவிடுகிறார். கரும்புத் தோட்டமும் இதே போல உணவும் மறைவும் ஒருங்கே தந்துவிடுகிறது.

பன்றி விரைவில் பெருகும் இனம். சினைக்காலம் ஏறத்தாழ 115 நாட்களே. ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் சாதாரணமாகப் பிறக்கும். உணவு மிகுதியாகக் கிடைத்தால் பெண் பன்றி ஓராண்டுக்குள்ளேயே இனப்பெருக்கத்திற்குத் தயாராகிவிடும். சிறுத்தை, புலி, செந்நாய் ஆகியவை காட்டுக்குள் இதன் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகின்றன. கண்மாய்க்குள்ளும் தரிசுக்குள்ளும் அவை வருவதில்லை. எனவே மறைவிடத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பன்றிகளைச் சுடுவதால் மட்டும் தொல்லை தீர்ந்துவிடும் என்று எண்ணுவது சரியன்று. காலியான இடத்தை அடுத்த ஈற்றுக் குட்டிகள் நிரப்பிவிடும்.

உயிர்ப்பலி வாங்கும் வழிகள்

வேறு வழி தெரியாத நிலையில் சிலர் வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் நேரடியாகப் பாய்ச்சுகின்றனர். 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இவ்வாறு அமைத்த வேலியில் சிக்கி 3 பெண் யானைகள் மாண்டன. 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றன. இரவில் நீர் பாய்ச்சப் போன விவசாயியும், பக்கத்து வயல்காரரும், மேயப் போன மாடும் இத்தகைய வேலிகளுக்குப் பலியாவதுண்டு. இதைச் செய்தவர் சிறை செல்ல நேரும்போது, பன்றி தின்ற பயிரைவிடப் பெரிய இழப்பு அந்தக் குடும்பத்துக்கு வந்து சேர்கிறது.

அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடியும் இதைப் போன்றதே. பழத்திலோ மாவிலோ மறைத்து வைக்கும் வெடிக்கு, வருவது பன்றியா, பசுவா, யானையா என்று தெரியாது. 2020 மே மாதத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்றிருந்த யானை ஒன்று வெடியைக் கடித்து வாய் சிதைந்து இறந்ததை நாடே அறியும்.

சூரிய சக்தி மின்வேலி இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. அதில் மின்சாரம் தொடர்ந்து பாய்வதில்லை. நொடிக்கு ஒரு முறை அளவில், மிகக் குறுகிய நேரமே துடிப்பாக வரும். தொட்ட விலங்கு அதிர்ச்சியுற்று விலகிவிடும், உயிர் போகாது. இதற்கும் விதிமுறை உண்டு. தமிழ்நாடு அரசு 2023 ஆம் ஆண்டில் மின்வேலிகளுக்கான பதிவு, ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. காப்புக்காட்டை ஒட்டிய பகுதியில் வேலி அமைக்க விரும்புவோர் முன்னதாக வனத்துறை அலுவலகத்தை அணுகி அனுமதி பெற வேண்டும். பன்றிக்கான வேலியில் அடிக் கம்பி தரையிலிருந்து ஓர் அடிக்கும் குறைவான உயரத்தில் இருத்தல் அவசியம். கம்பியைப் புல் தொட்டால் மின்துடிப்பு வீணாகும் என்பதால் வேலியடியைக் களையின்றி வைத்திருக்க வேண்டும்.

விரட்டும் முறைகளின் எல்லை

பழைய சேலைகளை வேலியாகக் கட்டுதல், தலைமுடியைத் தூவுதல், நாற்றமுள்ள கரைசல்களைத் தொங்கவிடுதல், தகரம் தட்டுதல், வெடி வெடித்தல், விளக்கு எரித்தல் எனப் பல முறைகள் விவசாயிகளிடையே வழங்கி வருகின்றன. இவற்றுக்குச் செலவு குறைவு. சில நாட்கள் பயனும் தரும். ஆனால் பன்றி விரைவில் பழகிக்கொள்ளும் விலங்கு. ஆபத்து இல்லை என்று தெரிந்துகொண்டால் விளக்கின் கீழேயே மேயும். ஆகவே ஒரே முறையை நம்பியிராமல், சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பயிர் அழியக்கூடிய அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் இவற்றைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துவது சிறந்தது. பருவம் முழுவதும் பயன்படுத்தினால், தேவைப்படும் நாளில் அவை பயன்படாமல் போகும்.

மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கும், நிலக்கடலையைச் சுற்றி முள் நிறைந்த குசும்பாவும் நெருக்கமாகச் சில வரிசைகள் விதைத்தால் உள்ளே நுழைவது ஓரளவு தடைப்படும். கொங்கு நாட்டில் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வளர்க்கப்படும் முட்கிளுவை வேலி நிலையான பலன் தரக்கூடியது. அடி நெருக்கமாக வளரச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் ஒருமுறை அமைந்துவிட்டால் தலைமுறைக்கு நிற்கும். கம்பிவலை வேலி போடுவோர் வலையின் அடிப்பகுதியை ஓர் அடி ஆழம் மண்ணில் புதைப்பது முக்கியம். தோண்டும் விலங்குக்கு வேலியின் அடிதான் வாசல்.

சட்டம் வகுத்த எல்லையும் சிறு விவசாயியும்

காட்டுப்பன்றி 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. விளைபயிருக்கு ஆபத்து நேரும்போது விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் அச்சட்டத்தின் 11 ஆம் பிரிவில் உள்ளது. கேரள அரசு 2022 மே மாதத்தில் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. பீகாரிலும் உத்தராகண்டிலும் குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட காலத்திற்குக் காட்டுப்பன்றியைத் தீங்குயிரி என மத்திய அரசு முன்பு அறிவித்ததுண்டு.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தை வைத்து மூன்று பகுதிகளாக நடைமுறை வகுத்தது. 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் சுடலாம். இதற்கான கிராம அளவிலான குழுவில் வனத்துறை அலுவலர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் ஆகியோருக்கு இடம் உண்டு.

காட்டுக்குள் பன்றிக்கு ஒரு பங்கு உண்டு. அது மண்ணைக் கிளறுகிறது. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரையாகிறது. காட்டோரத்தில் துப்பாக்கி கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முதல் கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் யார்? பெரும்பாலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயியும் மலைவாழ் மக்களுமே. சேதம் அதிகம் நேரும் இடமும் அதுவே. கையைக் கட்டியிருக்க வேண்டிய இடமும் அதுவே. நாட்டு மக்கள் அனைவருக்காகவும் காட்டு விலங்கு காக்கப்படுகிறது என்றால், அதன் செலவை அந்த ஓர் ஏக்கர்க்காரர் மட்டும் ஏற்பது முறையாகாது.

ஆகவே எங்கே சுடவும் பிடிக்கவும் அனுமதி இல்லையோ, அங்கே வேலி அமைப்பது அரசின் பொறுப்பாக இருத்தல் வேண்டும். மானியம் என்ற பெயரில் பாதிச் செலவை அரசு தந்தாலும், மீதிப் பாதியைப் புரட்ட முடியாதவர் வேலி போடமாட்டார். வசதி உள்ளவர் தோட்டத்தைச் சுற்றி வேலி எழும். அங்கே தடுக்கப்பட்ட பன்றி வேலியில்லாத ஏழையின் கொல்லைக்குள் புகும். தனித்தனித் தோட்டத்துக்குத் தருவதைவிட, காட்டோரத்தில் ஊர் முழுமைக்கும் ஒரே வேலி அமைத்து, அதைப் பராமரிக்கும் பணியை ஊராரிடம் ஒப்படைப்பதே செலவும் குறைந்தது, நீதியும் உடையது.

இழப்பீட்டிலும் இதே கண்ணோட்டம் வேண்டும். குத்தகைக்கு உழுபவர் பட்டா இல்லாததால் விடுபட்டுப் போகக் கூடாது. அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வராத இழப்பீடு, கடன் வாங்குவதைத் தடுக்காது. மத்திய அரசின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காட்டு விலங்குச் சேதத்தை 2026 காரீப் பருவம் முதல் சேர்க்க இருப்பதாக 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். இழப்பு நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இதன் விதி. காப்பீடு செய்யும் விவசாயிகள் தங்கள் பகுதி இதில் அடங்குகிறதா என்பதை வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊர் கூடிச் செய்ய வேண்டியவை

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யும் வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. கண்மாயிலும் தரிசிலும் உள்ள சீமைக்கருவேல் புதர்களை ஊராட்சி மூலம் வேரோடு அகற்றி, அந்த இடத்தை மீண்டும் புதராக விடாமல் பார்த்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் காவல் காக்க வேண்டிய நாட்களும் ஒன்றாக அமையும். பத்துப் பேர் முறை வைத்தால் ஒருவருக்குப் பத்து நாளுக்கு ஓர் இரவுதான் விழிப்பு. அறுவடைக் கழிவுகளையும் அழுகிய காய்களையும் வயலோரம் குவித்து வைக்காமல் எருக்குழியில் போட்டு மூடலாம். சேதம் நேர்ந்தால் அன்றே படம் எடுத்துத் தேதியுடன் ஊராட்சியில் ஒரு பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். பதிவு இல்லாத சேதம் அரசின் கணக்கில் நடக்காத சேதமே. கிராமக் குழுவின் முன் வாதிடவும் இப்பதிவே சான்று.

சங்க காலத்தில் குறிஞ்சி நில மக்கள் தினைப்புனத்தில் பரண் அமைத்துக் காவல் காத்தனர் என்று பழைய இலக்கியங்கள் கூறுகின்றன. பகலில் கிளியும் இரவில் பன்றியும் வந்தன. அன்றும் அது குடும்பமும் ஊரும் சேர்ந்து பார்த்த வேலையே. இன்று பரணில் இருப்பவர் ஒரே ஒரு முதியவர். பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள்.

பன்றி தோண்டுவதை நிறுத்தாது. அதன் உடல் அமைப்பு அப்படி. ஈரமும் எருவும் உள்ள நிலத்தைத் தேடி அது வந்துகொண்டுதான் இருக்கும். மாற்ற வேண்டியது காவல் முறையை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். காட்டோர வயலைக் காப்பதையும் ஊரும் அரசும் சேர்ந்து இழுக்க வேண்டிய தேராகக் கொண்டால்தான், அந்த முதியவர் அடுத்த பருவமும் கடலை விதைப்பார்.